5 நாற்காலி, 24 சீட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசை மேல் 24 துண்டுச் சீட்டுகள். "நீலம் ஜெயிச்சாச்சு அப்பா, இனி பச்சையா மஞ்சளாங்கறதுதான் பாக்கி" என்றாள் மகள். நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் ஏதோ புது விளையாட்டு என்று நினைத்திருப்பார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

விஷயம் இதுதான். எங்கள் வட்டார வாரியத்துக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று புது விதி எழுத மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டார்கள். கணக்கெழுதும் தொழில் என்பதால் என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். வாரியம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மொத்தம் 5 உறுப்பினர்கள். நூலகம், பூங்கா, தெருவிளக்கு என்று வருகிற பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்று முடிவு செய்பவர்கள், அவ்வளவுதான். ஆனால் போன தேர்தலில் ஒரு அணி பாதிக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி 5 இடங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மறு அணிக்குப் பூஜ்யம். உடனே கள்ள ஓட்டு, பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. எண்ணிக்கைத் தாள்களை நானே உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஒரு ஓட்டுகூடப் பிசகவில்லை. எண்ணியதில் தப்பில்லை, எண்ணச் சொன்ன விதியில்தான் தப்பு.

அந்த விதி உலகமெங்கும் இருக்கிற சாதாரண விதிதான். மொத்த வட்டாரமும் ஒரே தொகுதி. 5 இடம் என்றால் ஆளுக்கு 5 ஓட்டு. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாது. அதிக ஓட்டு வாங்கிய 5 பேர் உள்ளே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 100 வாக்காளர்கள் என்று வைத்துப் பாருங்கள். 55 பேர் ஒரு பக்கம், 45 பேர் மறு பக்கம். அந்த 55 பேரும் தங்கள் ஆட்கள் 5 பேருக்கும் போட்டால் ஒவ்வொருவருக்கும் 55. இந்தப் பக்கம் ஒவ்வொருவருக்கும் 45. முடிந்தது கதை, 5-0. 45 பேர் வீட்டிலேயே தூங்கியிருந்தாலும் இதே முடிவுதான்.

குழுவில் மற்ற இருவரில் ஒருவர் வயதில் மூத்தவர். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே பதில்: வார்டு. "அஞ்சு வார்டா பிரிச்சிடுங்க சார். விளக்கு எரியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு தெரியணும்ல?" இதில் நியாயம் இருக்கிறது, சும்மா தள்ளிவிட முடியாது. ஐந்து பேரும் எல்லோருக்கும் பொறுப்பு என்றால் நடைமுறையில் யாரும் பொறுப்பில்லை.

ஆனால் அதே 100 பேரை 20 பேர் வீதம் 5 வார்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வார்டிலும் 11 பேர் அந்தப் பக்கம், 9 பேர் இந்தப் பக்கம் என்று சமமாகக் கலந்திருந்தால் மறுபடியும் 5-0தான். வேறு மாதிரிக் கோடு போட்டேன். இரண்டு வார்டில் 20 பேரும் அந்தப் பக்கத்து ஆட்கள். மீதி மூன்றில் தலா 5 பேர் அந்தப் பக்கம், 15 பேர் இந்தப் பக்கம். கூட்டிப் பாருங்கள், அதே 55, அதே 45. முடிவு? 45 பேர் உள்ள அணிக்கு 3 இடம், 55 பேர் உள்ள அணிக்கு 2. ஒரு ஓட்டுகூட மாறவில்லை, பென்சில் கோடுதான் மாறியது. பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கோடு போடுறவன் கையிலதான் எல்லாம் இருக்குங்கிறீங்க" என்றார்.

வார்டு சிறுபான்மையைக் காப்பாற்றும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தால் காப்பாற்றும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் தார்ன்பர்க் எதிர் ஜிங்கிள்ஸ் வழக்கில் இதையே நிபந்தனையாக வைத்தது: ஒரு வார்டில் பெரும்பான்மையாகும் அளவுக்கு அந்தச் சமூகம் பெரியதாகவும், நெருங்கி வாழ்வதாகவும் இருக்க வேண்டும். அங்கே ஒரே தொகுதி முறையிலிருந்து வார்டு முறைக்குத் தாவிய பள்ளி வாரியங்கள் ஏராளம். சிதறி வாழ்பவர்களுக்கு எந்தக் கோடும் உதவாது.

குழுவின் மூன்றாம் ஆள், பேச்சைவிட வேலை அதிகம் என்கிற ரகப் பெண்மணி. அவர் சொன்னது இன்னும் எளிமை: "ஓட்டைக் குறைச்சிடுவோம். அஞ்சு இடம், ஆளுக்கு மூணு ஓட்டு. எண்ணுறது பழைய மாதிரியே. யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்." இதற்கு வரையறுக்கப்பட்ட வாக்கு என்று பெயர். நம் 100 பேர் கணக்கில், இரு அணியும் மூன்று மூன்று பேரை நிறுத்தினால் 55 பேருக்கு 3 இடம், 45 பேருக்கு 2 இடம். அழகு. ஆனால் பெரிய அணி கொஞ்சம் ஆசைப்பட்டு 4 பேரை நிறுத்தட்டும். அவர்களிடம் இருப்பது 165 ஓட்டு. அதை நாலாகப் பிரித்தால் தலைக்கு 41 சொச்சம். எதிரணியின் மூன்று பேருக்கும் 45. பெரிய அணிக்கு 2 இடம்தான்! எத்தனை பேரை நிறுத்துவது என்று கணிப்பதில் சறுக்கினால் அணி கவிழ்ந்துவிடும்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1867-இல் மூன்று உறுப்பினர் தொகுதிகளில் வாக்காளருக்கு 2 ஓட்டுதான் என்று சட்டம் வந்தது, மூன்றில் ஒன்றாவது சிறுபான்மைக்குப் போகட்டும் என்று. பர்மிங்காம் நகரத்து லிபரல் கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தப் பகுதிக்காரர்கள் எந்த இருவருக்குப் போட வேண்டும் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, 1868 தேர்தலில் மூன்று இடங்களையும் பிடித்துவிட்டார்கள். சட்டம் போட்டவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

அதே ஊரில் இரண்டே வருடத்தில் கதை தலைகீழானது. 1870-இல் அங்கே பள்ளி வாரியங்களுக்குத் தேர்தல் வந்தது. அதில் வேறு முறை, குவிப்பு வாக்கு. 15 இடம், ஆளுக்கு 15 ஓட்டு, அத்தனையையும் ஒரே ஆளுக்குக் கொட்டினாலும் செல்லும். போன முறை ஜெயித்த தெம்பில் லிபரல்கள் 15 இடத்துக்கும் 15 பேரை நிறுத்தினார்கள். ஓட்டு மெலிந்து பரவியது. எதிர்த்தரப்பு 8 பேரை மட்டும் நிறுத்தி எட்டையும் ஜெயித்தது. கத்தோலிக்கர் ஒருவர் தன் ஆட்களின் குவித்த ஓட்டில் பட்டியலிலேயே முதலிடத்துக்குப் போனார். லிபரல்களுக்கு 6. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். சாமர்த்தியசாலிகள் தங்கள் சாமர்த்தியத்திலேயே விழுவதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம். (குவிப்பு வாக்கு இங்கிலாந்துப் பள்ளி வாரியங்களில் 1902 வரை இருந்தது. டெக்சஸின் அமரில்லோ பள்ளி வாரியம் 2000-இல் அதைக் கையில் எடுத்தது.)

சரி, என் கட்சி என்ன? ஒற்றை மாற்று வாக்கு. பெயரைக் கேட்டதும் இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். "நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்சதுதான் இது. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. வேணும்னு டிவியில சொல்றாங்களே, அது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். 234 எம்.எல்.ஏ.க்கள், 6 இடம். 6 உடன் ஒன்று கூட்டி 7. 234-ஐ 7-ஆல் வகுத்தால் 33 சொச்சம். அடுத்த முழு எண் 34. ஆறு பேர் தலா 34 வாங்கிவிட்டால் மிச்சம் 30தான், ஏழாவது ஆளுக்கு இடமே கிடையாது. ட்ரூப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1868 வாக்கில் சொன்ன கணக்கு இது.

இதில் வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். அவருடைய 1 ஏற்கெனவே தேவைக்கு மேல் வாங்கிவிட்டால், அல்லது எல்லோரையும்விடக் குறைவாக வாங்கிக் கழிந்துவிட்டால், ஓட்டு 2-க்குப் போகும். வீணாகாது. எத்தனை பேரை நிறுத்துவது என்ற சூதாட்டமும் கிடையாது. நம் 100 பேரில் தேவை 17. 55 பேர் மூன்று பேரை அனுப்பலாம் (51), 45 பேர் இரண்டு பேரை (34). கோடு போட வேண்டியதில்லை, கணிக்கவும் வேண்டியதில்லை.

"எண்ணிக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் அந்தப் பெண்மணி. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகள்.

மூன்று இடம், ஐந்து வேட்பாளர்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு. 24 சீட்டு, தேவை 7. முதல் விருப்பத்தில் சிவப்புக்கு 10, நீலத்துக்கு 5, பச்சைக்கு 4, மஞ்சளுக்கு 3, கறுப்புக்கு 2. சிவப்பு உள்ளே, அதனிடம் 3 ஓட்டு உபரி. இந்த உபரியை யாருக்குக் கொடுப்பது? சிவப்பின் 10 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் பார்த்தோம். ஆறில் மஞ்சள், நாலில் பச்சை.

இங்கேதான் மகளும் நானும் சண்டை போட்டது. அவள் சொன்னாள்: "பத்துச் சீட்டுலேர்ந்து மூணை உருவிக் கொடுத்துட்டாப் போச்சு." உருவினாள். மூன்றும் மஞ்சள். மஞ்சள் 6, பச்சை 4. பிறகு கறுப்பு கழிந்து அதன் இரண்டும் நீலத்துக்குப் போய் நீலம் 7, உள்ளே. கடைசி இடம் மஞ்சளுக்கு.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்துச் சீட்டையும் அனுப்புவோம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 0.3 மதிப்புதான் என்றேன். மஞ்சளுக்கு 1.8 சேர்ந்து 4.8, பச்சைக்கு 1.2 சேர்ந்து 5.2. நீலம் முன்போலவே உள்ளே. கடைசி இடம் பச்சைக்கு!

அப்புறம் மூன்றாவது வழியும் பார்த்தோம். முழுச் சீட்டுதான், ஆனால் ஆறுக்கு நாலு என்ற விகிதத்தில். மூன்றில் மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 1. இரண்டும் 5-5. முதல் சுற்றில் யார் முன்னால் இருந்தாரோ அவருக்கு என்று ஒரு விதி இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் பூவா தலையா.

அதே 24 சீட்டு. "இப்ப என்னப்பா பண்றது?" என்றாள். அந்தக் கேள்விதான் நான் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனது. இந்த முறையை வைத்திருப்பவர்களும் உபரி விஷயத்தில் ஆளுக்கொரு வழி போயிருக்கிறார்கள். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் நகர மன்றத்துக்கும் பள்ளிக் குழுவுக்கும் இதையே பின்பற்றுகிறது. உபரிக்கு முழுச் சீட்டுகளை இத்தனைக்கு ஒன்று என்று எடுக்கும் முறை, மகள் கட்சி. ஸ்காட்லாந்து உள்ளாட்சி மன்றங்கள் 2007-இல் இதற்கு மாறியபோது பின்ன மதிப்பைத் தேர்ந்தெடுத்தன, என் கட்சி. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் மீக் முறையை வைத்தது. அதைக் கணினி இல்லாமல் எண்ணி மாளாது.

நியூசிலாந்து எனக்குப் பாடம் சொன்ன இடம். அங்கே மாவட்டச் சுகாதார வாரியங்கள் என்று இருந்தன. 2004 முதல் ஒவ்வொன்றுக்கும் 7 பேரை இந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் வாரியங்களையே கலைத்துவிட்டார்கள், அது வேறு கதை. முதல் தேர்தலில் எண்ணிக்கை முடிவு இழுத்துக்கொண்டே போனது. அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. பல இடங்களில் நகர மன்றத்துக்கு டிக், சுகாதார வாரியத்துக்கு எண். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் கையில். குழம்பாமல் என்ன செய்வார்கள்? நிறைய ஓட்டு செல்லாமல் போனது. இதை அந்தப் பெண்மணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

நியூயார்க்கிலும் 1970 முதல் வட்டாரப் பள்ளி வாரியங்களுக்கு இதே முறை இருந்தது, வாரியத்துக்கு 9 பேர். அங்கே பள்ளியில் பிள்ளை படித்தால் போதும், குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம். அது நல்ல யோசனை. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் குறைவு, எண்ணுவதற்கோ வாரக்கணக்கில் ஆனது. 2002-இல் வாரியங்களுக்கே மூடுவிழா. ஆள் வராத தேர்தலில் எந்த முறை இருந்து என்ன?

குலுக்கல் பற்றியும் ஒரு நாள் பேச்சு வந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் தமிழர் நாலு பேர் தேர்தலைப் பற்றிப் பேசிவிட முடியுமா? முதலாம் பராந்தகன் காலம். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். "வாரியம்" என்ற சொல்லே அதில் இருக்கிறது பாருங்கள். எல்லோரும் குடத்தையே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல்: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. கணக்கெழுதுகிறவன் வேறு எதைக் கொண்டாடுவான்? ஆனால் நிலமும் வேதப் படிப்பும் தகுதியாக இருந்த குடம் அது. அதை அப்படியே மக்களாட்சி என்று தூக்கிப் பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

குழு முடிவுக்கு வரவேண்டிய நாளில் ஒரு வேடிக்கை. மூவரும் மூன்று முறைகளை வரிசைப்படுத்தி எழுதினோம். எனக்கு மாற்று வாக்கு, பிறகு ஓட்டுக் குறைப்பு, கடைசியில் வார்டு. பெரியவருக்கு வார்டு, மாற்று வாக்கு, ஓட்டுக் குறைப்பு. பெண்மணிக்கு ஓட்டுக் குறைப்பு, வார்டு, மாற்று வாக்கு. இரண்டிரண்டாக மோதவிட்டோம். மாற்று வாக்கு ஓட்டுக் குறைப்பை 2-1 என்று தோற்கடித்தது. ஓட்டுக் குறைப்பு வார்டை 2-1. அப்படியானால் மாற்று வாக்கு வார்டைத் தோற்கடிக்க வேண்டுமே? இல்லை, வார்டுதான் 2-1. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் 1785-இலேயே எழுதிவைத்த சிக்கல் எங்கள் மூன்று பேருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரியவர்தான் அவிழ்த்தார். "எனக்கு வார்டு ஏன் வேணும்? கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும். தேர்தல் முடிஞ்ச பிறகு அஞ்சு பேரும் ஆளுக்கொரு பகுதியைப் பிரிச்சு எடுத்துக்கணும்னு எழுதிட்டா, தேர்தலை எப்படி வேணா நடத்துங்க." அவ்வளவுதான். பிரதிநிதித்துவம் ஒரு விஷயம், பொறுப்பு இன்னொரு விஷயம். இரண்டையும் ஒரே கோட்டால் செய்யப் பார்த்தது எங்கள் தப்பு.

பெண்மணி இரண்டு நிபந்தனை போட்டார். உபரியைப் பின்ன மதிப்பில்தான் பிரிக்க வேண்டும், அதற்கு ஒரு மாதிரிக் கணக்கை விதியிலேயே சேர்க்க வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் இப்போது பின்னிணைப்பில் இருக்கிறது. இரண்டாவது, வாக்குச்சீட்டில் பெயர் வரிசையை மாற்றி மாற்றி அச்சடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அப்படிச் செய்கிறார்கள். மேலிருந்து கீழே 1, 2, 3 என்று எழுதிவிட்டுப் போகிற சோம்பேறி ஓட்டு ஒரே ஆளுக்குப் போகாது.

நான் ஒன்றே ஒன்றுக்குப் பிடிவாதம் பிடித்தேன். எங்கள் பழைய விதியில் ஒரு முறை 3 பேர், அடுத்த முறை 2 பேர் என்று பாதிப் பாதியாகத் தேர்தல் நடத்தலாம் என்று ஒரு பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. கேட்க அப்பாவியாக இருக்கும். ஆனால் 5 இடத்துக்குத் தேர்தல் என்றால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தாலே ஒரு உறுப்பினர். 3 இடம் என்றால் கால்வாசி வேண்டும். 2 இடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. தேர்தலைத் துண்டு போடப் போடச் சின்ன அணியின் கதவு சாத்திக்கொண்டே போகும். நடுவில் ஓர் இடம் காலியாகி இடைத்தேர்தல் வைத்தால் பாதிக்கு மேல் வேண்டும், விலகியவர் சிறுபான்மை ஆள் என்றால் அந்த இடம் போனது போனதுதான். கேம்பிரிட்ஜில் இடைத்தேர்தல் வைப்பதில்லை, விலகியவரைத் தேர்ந்தெடுத்த சீட்டுகளையே எடுத்து மறுபடி எண்ணுகிறார்கள். அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதனால் சீட்டுகளைப் பதவிக்காலம் முடியும்வரை பூட்டி வைக்க வேண்டும், பீரோ சாவி யாரிடம் என்று அதற்கு ஒரு தனி வாதம் நடந்தது, அதை இங்கே எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

இப்போது மிச்சம் இருப்பது வாக்குச்சீட்டின் தலையில் வர வேண்டிய ஒற்றை வாக்கியம். போன வாரம் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு மாதிரிச் சீட்டு கொடுத்துப் பார்த்தோம். "உங்கள் விருப்ப வரிசைப்படி எண் இடுக" என்று அச்சடித்திருந்தோம். இருவர் டிக் அடித்தார்கள். ஒருவர் 5-ஐ அதிக மதிப்பெண் என்று நினைத்துத் தலைகீழாக எழுதினார். ஒருவர் ஐந்து கட்டத்திலும் அழகாக 1 என்று எழுதி மடித்துக் கொடுத்தார். "எல்லாருமே நல்ல பிள்ளைங்கதானே?" என்றார். அந்தச் சீட்டு செல்லாது. ஒற்றை டிக் மட்டும் இருந்தால் அதை 1 என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நாளை மாலை மறுபடி கூடுகிறோம்.